பதினேழு கிராம் கரண்டி

நாகரிகம் எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு உலகத்து அறிஞர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே தவறு. அது ஒரு கரண்டியில் இருக்கிறது. அதன் எடை பதினேழு கிராம். அதைக் கண்டடைந்தவர்கள் அடையாறு 'மலர்வனம்' அடுக்ககத்தின் குடியிருப்போர் நலச் சங்கத்தார். வரலாறு இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை என்பதால் நாமாவது குறித்துவைப்போம்.

சங்கத் தலைவர் கருணாகரன். அரசுத் துறை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்பு பார்த்து, ஒன்றையும் அவசரப்பட்டு முடித்துவிடாமல் ஓய்வுபெற்றவர். தொண்ணூற்றாறு கிலோ. பத்து கிலோவைக் குறைத்தே ஆக வேண்டும், நடங்கள் என்றார் டாக்டர். எதையும் தனியாகச் செய்வது கருணாகரனுக்கு வழக்கமில்லை. எனவே ஒரு குழு அமைத்தார். 'மலர்வனம் மலையேற்றக் குழு' ஆறு மாதம் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு, சமதரையில் ஏறுவது போதும், ஜவ்வாது மலைக்கே போய்விடலாம், இரண்டு இரவு கூடாரத்தில் தங்கலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டு வீட்டுக்கு வந்த கருணாகரன் முதலில் தன் கழிப்பறைக் கதவைத்தான் ஏக்கத்தோடு பார்த்தார். அவருடைய ரகசியம் நம்மோடு இருக்கட்டும். அறுபத்திரண்டு வயதில் அவர் சொந்த வீட்டுக் கழிப்பறையைத் தவிர வேறெங்கும் காலைக்கடன் கழித்ததில்லை. கோவையில் மகள் வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாளே, "முக்கியமான வேலை இருக்கும்மா" என்று ரயிலேறிவிடுவார். அது என்ன வேலை என்று மகளுக்கு இன்றுவரை தெரியாது. போதாக்குறைக்கு முழங்காலும் மடங்காது. காட்டில் என்ன செய்வது?

சொந்தப் பயத்தைப் பொதுப் பிரச்சினையாக மாற்றத் தெரிந்தவர்தான் தலைவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நடந்த கூட்டத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அங்க... மத்த ஏற்பாடெல்லாம் எப்படி?"

"மத்த ஏற்பாடுன்னா?" என்றார் மூன்றாம் மாடி கனகராஜ் அண்ணாச்சி. தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

"காலையில."

எல்லோருக்கும் புரிந்தது. நான்காம் மாடி லாவண்யா எழுந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. முதுகுப் பையின் சுமையைக் குறைப்பதற்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்து வைத்திருப்பவள்.

"சிம்பிள் அங்கிள். குழி தோண்ட ஒரு கரண்டி எடுத்துட்டுப் போகணும். தண்ணியிலேர்ந்து இருநூறு அடி தள்ளி, யார் கண்ணுலயும் படாத எடமா பாத்து, ஆறு இஞ்ச் ஆழம். முடிஞ்சதும் மூடிடணும். ஆனா கரண்டி லைட் வெயிட்டா இருக்கணும். ஒவ்வொரு கிராமும் முதுகுலதான் ஏறும்."

தொண்ணூற்றாறு கிலோ கருணாகரன் இதை மிகவும் ரசித்தார். உடம்பில் பத்து கிலோ குறைப்பதைவிடக் கரண்டியில் பத்து கிராம் குறைப்பது எவ்வளவு நாகரிகமானது!

"நம்ம கடையில இல்லாத கரண்டியா?" என்றார் அண்ணாச்சி. "சாதக் கரண்டி, சாம்பார் கரண்டி, ஜல்லிக் கரண்டி... எது வேணும்னாலும் பாத்துக்கிடலாம் சார்."

"ஜல்லிக் கரண்டியில மண்ணு நிக்காது கனகராஜ்" என்றார் பிலிப். முப்பது வருடம் பூகோளம் நடத்திய ஆசிரியர். மண்ணைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

உடனே 'கரண்டித் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் கருணாகரன், உறுப்பினர்கள் அண்ணாச்சி, பிலிப், தொழில்நுட்ப ஆலோசகர் லாவண்யா. நேரமாகிவிட்டதால் பொருள் எண் ஒன்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அது ஒத்திவைக்கப்படுவது பதினான்காவது முறை.

கூட்டப் பட்டியலின் பொருள் எண் ஒன்பது, தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒரு கதவைப் பணியாளருக்குத் திறந்துவிடுவது பற்றியது. கட்டட வரைபடத்தில் அதற்குப் 'பணியாளர் கழிப்பறை' என்று பெயர். கட்டியவர் கையில் மிஞ்சிய வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றை உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தார். திறந்தால் நாற்றம் வரும் என்று ஒருவர், வாஸ்து இடிக்கிறது என்று ஒருவர், திறந்துவிட்டால் கண்டவர்களும் போவார்கள் என்று ஒருவர் சொல்ல, அது பூட்டப்பட்டது. இப்போது அதன் மேல் 'மலையேற்ற உபகரண அறை' என்று பலகை தொங்குகிறது. சாவி கருணாகரனின் சட்டைப் பையில். வாட்ச்மேனின் பிரச்சினையைப் பக்கத்துக் காலி மனை தீர்த்துவைத்திருந்தது. ஐந்து மாடியையும் பெருக்கித் துடைக்கும் சண்முகவடிவின் பிரச்சினையை அது தீர்க்கவில்லை.

சண்முகவடிவுக்கு ஐம்பது வயது. சைதாப்பேட்டையிலிருந்து காலை ஆறரைக்கு வருவார், இரண்டு மணிக்குப் போவார். நடுவில் போக இடமில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். 'தண்ணி குடிக்காம உடம்பக் கெடுத்துக்கிட்ட' என்று ஆஸ்பத்திரியில் இரண்டு முறை திட்டு வாங்கியாயிற்று. மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் நடக்கும்போது துடைப்பத்தோடு தூணருகே நிற்பார். ஒன்பதாம் எண் வருகிறதா என்று பார்ப்பார். எட்டோடு நாற்காலிகளை அடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

கரண்டிகள் ஆறு வந்து சேர்ந்தன. இனி களச் சோதனை. மலர்வனத்தில் மண் இருப்பது ஒரே ஓரிடத்தில்தான்: எட்டடிக்கு நாலடி புல்தரை, நடுவில் 'புல்லில் நடக்காதீர்' பலகை. குழுவினர் பலகையைச் சற்று நகர்த்திவிட்டுச் சூழ்ந்து நின்றார்கள். அப்போதுதான் ஒரு நிர்வாகச் சிக்கல் தெரிந்தது. குழுவில் ஒருவருக்கும் குந்தி உட்கார வராது.

"வடிவு, இங்க வாம்மா."

சண்முகவடிவு குந்தி உட்கார்ந்து ஆறு கரண்டியாலும் ஆறு குழி தோண்டினார். பிலிப் ஸ்டாப்வாட்சைப் பிடித்தார். லாவண்யா ஸ்கேல் வைத்து ஆழம் பார்த்தாள். பிளாஸ்டிக் வளைந்தது. அண்ணாச்சியின் சாதக் கரண்டி அபாரமாகத் தோண்டியது. ஆனால் எடை நூற்றுப் பத்து கிராம் என்பதால் கண்ணீருடன் நிராகரிக்கப்பட்டது. டைட்டானியம் முதலிடம்.

"இன்னாத்துக்கு சார் இந்தக் குழி?" என்றார் சண்முகவடிவு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

கருணாகரன் கனிவோடு விளக்கினார். "மனுஷன் எங்க போனாலும் அவனுக்குன்னு மறைவா ஒரு எடம் வேணும் வடிவு. அது இல்லேன்னா அப்புறம் என்ன கௌரவம்?"

"அடிப்படை உரிமை" என்றார் பிலிப்.

"அக்காங் சார். நானும் அதான் சொல்லிக்கினு கீறேன். அந்த ரூம் சாவி..."

"அது ஒன்பது" என்றார் கருணாகரன். "வரும்."

டைட்டானியக் கரண்டி பதினேழு கிராம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. கம்பெனிக்காரன் சொன்னால் ஆயிற்றா? சனிக்கிழமை சாயங்காலம் குழு நேரே தி. நகர் போனது. அங்கே அண்ணாச்சியின் மைத்துனருக்கு நகைக்கடை. முகூர்த்த நாள் நெருங்கியதால் நிற்க இடமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில், வைர அட்டிகை ஒன்றை எடுத்துவிட்டு, கரண்டியை வைத்தார்கள்.

விற்பனையாளர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "பதினேழு கிராம், முந்நூத்தி நாப்பது மில்லி. கல்லு எதுவும் இல்லையே சார்?"

"இல்லை. சுத்த உலோகம்."

"சேதாரம்?"

"பாறையில பட்டா கொஞ்சம் வரலாம்" என்றார் பிலிப், பொறுப்போடு.

பக்கத்தில் கல்யாணப் பெண்ணோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஆர்வமாக எட்டிப் பார்த்தார். "மாடல் புதுசா இருக்கே. எங்க போட்டுக்கறது?"

பிலிப் எடுத்துச் சொன்னார். தண்ணீரிலிருந்து இருநூறு அடி என்பது வரை சொன்னார். அம்மாள் பெண்ணை அழைத்துக்கொண்டு வேறு கவுண்டருக்குப் போய்விட்டார்.

அதிகப்படியான முந்நூற்று நாற்பது மில்லிகிராம் கைப்பிடியில் ஒட்டியிருந்த லேபிளுடையது என்று லாவண்யா கண்டுபிடித்தாள். லேபிள் உரிக்கப்பட்டது. குழு நிம்மதியாக மூச்சு விட்டது.

ஜவ்வாது மலையில் அந்தக் கரண்டி மூன்று பேருக்கு உண்மையாக உழைத்தது. கருணாகரனுக்கு மட்டும் உழைக்கவில்லை. முதல் நாள் காலை அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டார். இருநூறு அடியையும் பிலிப் பின்னாலிருந்து உரக்க எண்ணினார். புதர் கிடைத்தது. மறைவு கிடைத்தது. முழங்கால் பாதியில் நின்றது. எதிரே ஓர் ஆடு, தழையை மென்றபடி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார்.

"எப்படி சார் இருந்துச்சு?" என்றார் அண்ணாச்சி ஆவலாக.

"எடையே தெரியல" என்றார் கருணாகரன்.

இரண்டாம் நாளும் ஆடு வந்தது. அன்றிரவே மலையிலிருந்து கிளம்பிய வேன் மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குச் சைதாப்பேட்டையைத் தாண்டும்போது கருணாகரன் முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணை மூடினார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. உலகத்தில் அவருக்கு வேண்டியது ஐந்தாம் மாடியில், அவர் வீட்டுக்குள் இருந்தது. மலர்வனத்துக்குள் வேன் நுழைந்தபோது கரண்ட் இல்லை. ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது.

படியைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். சட்டைப் பையில் கை போயிற்று.

உபகரண அறைக் கதவைத் திறந்தால், வெஸ்டர்ன் மேல் பலகை, பலகை மேல் மலைக்கு எடுத்துப்போகாத உபரிக் கூடாரங்கள், கூடாரங்கள் மேல் தோற்றுப்போன ஐந்து கரண்டிகளின் பெட்டிகள். குனிந்தால் காரியம் கெட்டுவிடும் நிலை.

"வடிவு" என்றார். குரல் அழுவது போல வந்தது.

சண்முகவடிவு வந்து அந்த முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைத் தினமும் பதினோரு மணிக்குமேல் அவரே வைத்துக்கொண்டிருப்பவர். இரண்டே நிமிடத்தில் கூடாரங்கள் வெளியே வந்தன, பலகை வந்தது, இரண்டு வாளித் தண்ணீர் உள்ளே போயிற்று.

"போங்க சார்."

கருணாகரன் இருபத்தைந்து நிமிடம் உள்ளே இருந்தார். சொந்த வீடு இல்லைதான், ஆனாலும் வந்தது. கொஞ்சம் அழுதார் என்றுகூடச் சொல்லலாம். வெளியே வந்தபோது சண்முகவடிவு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், தொறந்துதான கீது. நானும் ஒரு நிமிசம்..."

கருணாகரனின் மனம் உண்மையிலேயே இளகியது. ஆனால் கை முப்பத்தைந்து வருடம் பழகிய கை. அது பூட்டிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வச்சு முறைப்படி பண்ணிடலாம் வடிவு. நான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை, மலர்வனத்தின் வரலாற்றில் முதல்முறையாக, பொருள் எண் ஒன்பது எடுத்துக்கொள்ளப்பட்டது. தூணருகே சண்முகவடிவு நிமிர்ந்து நின்றார். கழிப்பறை மிகச் சிறப்பாக இயங்குகிறது என்று தலைவர் நேரடி 'ஆய்வின்' அடிப்படையில் சான்றளித்தார்.

"நல்ல கண்டிஷன்ல இருக்குன்னா எதுக்கு சார் நாலு பேரு போயி கெடுக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

"டென்ட்டெல்லாம் எங்க வைக்கறது அங்கிள்?" என்றாள் லாவண்யா.

கருணாகரன் யோசித்தார். மறுபடி கரண்ட் போகலாம். லிஃப்ட் நிற்கலாம். பெரும்பான்மைக்குத் தலைவணங்குவதுதானே ஜனநாயகம்? 'மேற்படி கழிப்பறை தற்போதுள்ள நன்னிலை கெடாதிருக்கும் பொருட்டு, அவசரகாலப் பயன்பாட்டுக்காகத் தலைவர் வசமே பூட்டி வைக்கப்படும்' என்று தீர்மானம் நிறைவேறியது.

சங்கத்தார் நன்றி கெட்டவர்கள் அல்லர். களச் சோதனையில் குந்தி உட்கார்ந்து உழைத்த சண்முகவடிவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூடவே, மைத்துனர் கடை வெல்வெட் பெட்டியில் வைத்து, அந்த டைட்டானியக் கரண்டியையே பரிசளித்தார்கள்.

"எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம் வடிவு" என்றார் கருணாகரன். "சுமையே தெரியாது."

கைதட்டல் அடங்கியதும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். சண்முகவடிவு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். சிமென்ட், டைல்ஸ், கார்கள், காம்பவுண்டுச் சுவர், அதற்கப்பால் தார் ரோடு.

"டேங்க்ஸ் சார். ஆறு இஞ்சு, இருநூறு அடி, மறைவு, அல்லாம் ஞாபகம் கீது. இந்த பில்டிங்குல எங்க தோண்டறதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நாளைக்குக் காலையிலேர்ந்து ஆரம்பிச்சிடுவேன்."

கருணாகரனின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போயிற்று. சாவி உள்ளே மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கை வெளியே வந்தபோது அதில் பேனா இருந்தது.

'இடத் தேர்வுக் குழு' அந்த நிமிடமே அமைக்கப்பட்டது. பிலிப் டேப்போடு வந்து புல்தரையை அளக்க ஆரம்பித்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாகக் குந்த ஆள் வேண்டியிருந்தது, வடிவைக் கூப்பிட்டார்கள். கரண்டியின் எடையை மில்லிகிராம் வரை அறிந்த அந்தச் சங்கத்தில் சாவியின் எடை ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், டேப்பைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.