இரண்டு பேரும் ஜெயித்த சண்டை

எங்கள் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் முப்பத்தாறு கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில்கூட மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தாலி கட்டும்போது சரி, பயபக்தி என்று விட்டுவிடலாம். மாலை மாற்றும்போதும், அக்காவுக்கு லட்டு ஊட்டும்போதும் (ஊட்டச் சொன்னது போட்டோகிராபர்) உதட்டைத் தைத்து வைத்ததுபோல நிற்கிறார். ஆல்பத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், மாப்பிள்ளைக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லையோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இஷ்டம் ஏராளமாக இருந்தது. இல்லாமல் போனது முன்பல் ஒன்று. அதற்குக் காரணம் நான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் என் கொள்கையில் தப்பில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகம் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் கரை கண்டவன். குறிப்பாக சினிமாச் சண்டை, மெல்லிசைக் கச்சேரி. இரண்டின்மீதும் அவ்வளவு ஆசை; ஆசை இருந்ததால்தான் அவ்வளவு கோபம்.

சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று அடி கதாநாயகன் வாங்குவான். நான்காவது அடியில் உதட்டோரம் ரத்தம் வரும். அதைக் கட்டைவிரலால் தொட்டு, அப்படியொரு நிறத்தை அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்ப்பான். அத்தோடு வில்லன் தீர்ந்தான். சண்டை நடக்கும் கிடங்கில் எதற்கென்றே தெரியாமல் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள்; பெட்டி இல்லாத பக்கம் ஒருவனும் விழமாட்டான். பத்து அடியாட்கள் சுற்றி நின்றாலும், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்கள்போல ஒவ்வொருவராக முறை வைத்து வந்து அடி வாங்குவார்கள். எல்லாம் முடிந்து தூசி அடங்கியபின் போலீஸ் ஜீப் வரும்.

டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு நொடி முன்னதாகவே சத்தமாகச் சொல்வது என் வழக்கம். இப்போது ரத்தத்தைத் தொடுவான் என்பேன், தொடுவான். இப்போது ஜீப் வரும் என்பேன், வரும். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் ஒருமுறை திரும்பி, "தம்பி, நீ சொல்றதக் கேக்க நான் டிக்கெட் எடுக்கல" என்றார். கலையை வளர்க்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன்.

மெல்லிசை இதற்குமேல். பாடகர் பாட்டு நோட்டிலிருந்து தலையை எடுக்கவே மாட்டார். பாட்டு முழுக்க அவருடைய வகிட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெண் குரலுக்கு ஆள் வராத நாளில் டூயட்டின் இரண்டு பக்கத்தையும் அவரே மூக்கைச் சுருக்கிக்கொண்டு பாடுவார். கிட்டார்க்காரர் இடுப்பை வளைத்து, கண்ணை மூடி உருகுவார். அந்தக் கிட்டாரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் எதிலும் சொருகப்படாமல் சுருண்டு படுத்திருக்கும். (நான் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்திருக்கிறேன்.) இரண்டாவது சரணம் வரும்போது சரியாக 'நேரமின்மை காரணமாக' என்று நிறுத்திவிட்டு, அடுத்த பாட்டை விரும்பிக் கேட்டவர்கள் பட்டியலை ஐந்து நிமிடம் வாசிப்பார்கள்.

எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். காணும் பொங்கலன்று சாயங்காலம் இளைஞர் மன்றத்தில் மெல்லிசையும் நடுவில் அரை மணி நேர நாடகமும் உண்டு. அந்த வருடம் நாடகத்தை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: சண்டை என் இஷ்டப்படி இருக்கும், யாரும் குறுக்கே வரக்கூடாது.

கதாநாயகன் தானாகவே வந்து மாட்டினார். அக்காவுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செல்வராஜ், ரெட்டிபாளையத்துக்காரர், சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். தை பதின்மூன்றாம் தேதி கல்யாணம். பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. நிச்சயம் முடிந்த மாப்பிள்ளை கல்யாணம் வரை பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அதனால் அவர் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, அக்கா என்ன சொன்னாள், என்ன சாப்பிட்டாள், தன்னைப் பற்றி ஏதாவது பேசினாளா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். பேசாததையெல்லாம் பேசியதாகச் சொல்லி நானும் பரோட்டாவை வளர்த்துவந்தேன்.

நாடகம் என் கைக்கு வந்த அன்றைக்கு, மாப்பிள்ளையாக வந்தால்தானே தப்பு, நடிகராக வந்தால் யார் கேட்பது என்று ஒரு போடு போட்டேன். அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அவ பாக்க வருவாளா மாப்ள?"

"முன்னாடியே ஒக்காந்திருப்பா மச்சான்."

"அப்ப நான் ஜெயிக்கிற வேசந்தானே?"

சத்தியமாக என்றேன். இன்னொரு பரோட்டா வந்தது.

வில்லன் தங்கராசு அண்ணன். வேப்பந்தட்டை ரூட் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனிடம்கூட "கொஞ்சம் பாருங்களேன்" என்று கெஞ்சுகிற மனிதர். ஆனால் கடவுள் அவருக்கு அப்படியொரு மீசையைக் கொடுத்துவிட்டதால் ஏழு வருடமாக எங்கள் ஊர் மேடையில் அவர்தான் வில்லன், அடி வாங்குவதும் அவர்தான். நான் கேட்கப் போனபோது பையைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, எங்க வூட்ல கண்டிசனா சொல்லிட்டா. இந்த வருசமும் அடி வாங்குனா மேக்கப்போட அங்கயே இருந்துக்கங்க, இங்க வராதீங்கன்னுட்டா. பஸ்ஸுல ஏறுற பொம்பளைங்கள்ளாம் போன பொங்கலுக்கு வாங்குன அடிய இன்னும் கேக்குதாம்."

அந்த இடத்தில்தான் எனக்கு மின்னல் அடித்தது. சண்டை ஏன் சலிக்கிறது? யார் ஜெயிப்பான் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் சலிக்கிறது. நடிக்கிறவனுக்கே தெரியாவிட்டால் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? "அண்ணே, இந்த வருசம் நீங்கதான் ஜெயிக்கிறீங்க. வெளிய மூச்சு வுட்டுறாதீங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை ஊருக்கு வரமுடியாது என்பதால் ஒத்திகை தனித்தனியாகத்தான். அரியலூரில் மாப்பிள்ளைக்கு வில்லன் நான். ஊரில் தங்கராசு அண்ணனுக்குக் கதாநாயகன் நான். இருவரிடமும் தலா நாலு தடவை அடி வாங்கி, தலா நாலு தடவை மண்ணில் விழுந்தேன். கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் வீச வேண்டும் என்று இருவருக்கும் பழக்கினேன். கடைசியில் எவருக்கு மூச்சு வாங்குகிறதோ அவர் விழுந்துதானே ஆகவேண்டும், அதுவே இயற்கையான முடிவு என்பது என் கணக்கு. மேடையில் ஒரு அட்டைப் பெட்டி, ஒரு பானைகூட இருக்கக்கூடாது என்று நானே எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். மெல்லிசைக் குழுவின் அக்கார்டியன்காரரிடம், யாராவது ஒருவர் விழும்வரை சண்டை இசையை நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டார். இரண்டு நிமிடம் என்றேன்.

சண்டை ஆரம்பித்தது. முதல் இரண்டு நிமிடம் எப்படி இருந்தது தெரியுமா? விசில் காதைப் பிளந்தது. மாப்பிள்ளை வீசினார், தங்கராசு அண்ணன் விழவில்லை. அண்ணன் வீசினார், மாப்பிள்ளை விழவில்லை. இப்படி ஒரு சண்டையை எங்கள் ஜில்லா கண்டதில்லை என்று நான் மேடை ஓரத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது நிமிடம், மேலே தொங்கவிட்டிருந்த மைக்கில் ஒரு கிசுகிசுப்பு ஊருக்கே கேட்டது.

"விழுங்கண்ணே."

"நீங்க விழுங்க மாப்ள. தம்பி சொல்லலியா?"

"எங்கிட்ட நான் ஜெயிக்கிறேன்னுதானே சொன்னான்."

"எங்கிட்டயும் அதான் சொன்னாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். ஆனால் விட்டுக்கொடுக்க இருவராலும் முடியவில்லை. ஒருவர் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அக்காவைக் கண்டுவிட்டார். இன்னொருவருக்கு அதே வரிசையிலிருந்து மனைவியின் குரல், "என்னங்க, பின்னால போவாதீங்க" என்று வந்துகொண்டிருந்தது. ஆகவே சண்டை தொடர்ந்தது. ஐந்தாவது நிமிடத்தில் குழுவிடம் சண்டை இசை தீர்ந்துபோனது. ஆனாலும் சொல் தவறாத மனிதர்கள், நிறுத்தவில்லை. காதல் டூயட்டுக்கு மாறினார்கள். கொஞ்ச நேரம் அம்மன் பாட்டு. அதுவும் தீர்ந்து, கல்யாண வீட்டில் நலங்கு வைக்கும்போது வாசிக்கிற மெட்டுக்கு வந்தபோது இருவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. (வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் குழு எல்லாச் சரணங்களையும் வாசித்தது.)

அப்போதுதான் மாப்பிள்ளை, சண்டைக்கு நடுவில், கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினார். ஒரு நொடிதான். ஒரு சாண் தள்ளிப் போகவேண்டிய தங்கராசு அண்ணனின் கை, முகம் அந்தப் பக்கம் வந்துவிட்டதால், வாயில் நேராக இறங்கியது.

உதட்டோரம் ரத்தம். மாப்பிள்ளை அதைக் கட்டைவிரலால் தொட்டார். தொட்டுவிட்டுப் பார்த்தார்.

கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் ஒரு கணம் நம்பிக்கை வந்தது. மாப்பிள்ளை விரலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், மெதுவாக மண்டி போட்டுப் பல்லைத் தேட ஆரம்பித்தார். தங்கராசு அண்ணனும் பக்கத்தில் மண்டி போட்டு, "மன்னிச்சுக்குங்க மாப்ள, இந்தப் பக்கம் வெளுப்பா ஏதோ தெரியுது" என்று கூடவே தேடினார். மண்டி போடுவது விழுவதாகாது என்பதால் குழு நலங்கு மெட்டை விடாமல் வாசித்தது.

நிறுத்தச் சொல்லி நான் மேடையில் ஓடினேன். பாதி வழியில் காலில் ஒரு வயர் சுற்றியது. எதிலும் சொருகப்படாத அதே கிட்டார் வயர். குப்புற விழுந்தேன். அட்டைப் பெட்டி எதுவும் இல்லாததால் முழங்கால் இரண்டும் பெயர்ந்தன. யாரோ ஒருவர் விழுந்துவிட்டபடியால் இசை டக்கென்று நின்றது. எல்லாம் முடிந்து தூசி அடங்கியபின், கையில் விறகுக் கட்டையோடு அப்பா மேடைக்கு வந்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாப்பிள்ளையின் அம்மாவும் இரண்டு தாய்மாமன்களும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவர் வாயில் துண்டை வைத்து அழுத்தியிருந்தார். அம்மா உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துப் பிரித்து வெற்றிலைத் தட்டில் வைத்தார். உள்ளே பல். (தங்கராசு அண்ணன் தேடிக் கண்டுபிடித்து டிக்கெட்டில் மடித்துக் கொடுத்திருந்தார். அவரிடம் வேறு காகிதம் ஏது?)

"எம் புள்ளய முழுசாத்தான பெத்து வளத்தேன். கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தக் கெதின்னா, அப்புறம் எப்படி இந்த வூட்டுக்கு அனுப்புறது?"

தாய்மாமன்களில் பெரியவர், பந்தல்காரனுக்குச் சொல்லி நிறுத்திவிடலாம் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, இருவரிடமும் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் என்று சொன்னதை ஒப்பித்தேன். கலை, புதுமை என்றெல்லாம் ஆரம்பித்தேன். பெரிய தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டியதும் நிறுத்திக்கொண்டேன். கல்யாணம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அடுப்படி வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவர்கள் வீட்டு ஆட்கள் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அடிக்கிற கை வந்துக்கிட்டு இருக்கு, எதுக்கு இந்தப் பக்கம் திரும்புனீங்கன்னு அவரக் கேளுங்கப்பா."

யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை துண்டை எடுத்தார். முன்பல் இருந்த இடத்தில் நல்ல காற்றோட்டம்.

"நீ பாக்குறியான்னு பாத்தேன்."

அவருடைய அம்மா மகனைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பல்லைப் பழையபடி டிக்கெட்டில் மடித்து மடியில் செருகிக்கொண்டு முதன்முறையாக உட்கார்ந்தார். "காப்பி போடும்மா. அவனுக்கு ஆத்திக் குடு" என்றார், அடுப்படியைப் பார்த்து.

புண் ஆறாமல் பல் கட்ட முடியாது என்று திருச்சி டாக்டர் கையை விரித்துவிட்டதால், தை பதின்மூன்றாம் தேதி மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டே கல்யாணம் செய்துகொண்டார். ஆல்பத்தில் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறவர் எங்கள் உறவுக்காரரே இல்லை. மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நிற்கிற தங்கராசு அண்ணன்தான். பக்கத்தில் அவர் மனைவி, அவரைவிட ஒரு படி மேலாகச் சிரிக்கிறார்.

இன்றைக்கும் அக்காவுக்கும் மச்சானுக்கும் வாக்குவாதம் முற்றினால் அவர்களுடைய பிள்ளைகள் உள்ளே இருந்து, "யாராச்சும் ஒருத்தர் விழுங்க" என்று குரல் கொடுக்கிறார்கள். டி.வி.யில் சண்டைக் காட்சி வந்துவிட்டால் போதும், மச்சான் கட்டிய பல் மின்ன என் பக்கம் திரும்பி, "மாப்ள, யாரு ஜெயிப்பா?" என்பார். முடிவு எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். ஆனாலும் இந்த வீட்டில் நான் சொல்லக்கூடிய பதில் 'தெரியாது மச்சான்' ஒன்றுதான். அதையும் நான் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னதாகவே, சத்தமாக, அவரே சொல்லிவிடுகிறார்.