முதுகால் பார்த்த பறவை

என்னைப் பறவை பார்க்க அழைத்துப் போகாததற்கு என் கணவர் ஒரே காரணம்தான் சொல்வார். என் வாய்.

"நீ வந்தா, வடக்கே எங்கிருந்தோ கடல் தாண்டி வந்ததுங்க எல்லாம் அப்படியே யூ டர்ன் போட்டுத் திரும்பிடும்."

இதை என்னிடம் மட்டும் சொன்னால் பரவாயில்லை. லிஃப்டில் சொல்வார். ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியனிடம் சொல்வார். அந்த மனிதன் ஏணிமேல் நின்றுகொண்டு என் வாயையே ஒரு நிமிஷம் பார்த்தான்.

துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அவருக்கு. வருஷம் முழுக்க லீவைச் சேர்த்துவைத்து, இலையுதிர் காலத்தில் மொத்தமாகச் செலவழிப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது எடுக்காத லீவை, ஏதோ ஓர் உள்ளான் வழிதவறி வந்ததென்று கேள்விப்பட்டு எடுத்தவர். காற்று பிய்த்தெறிகிற கடற்கரையில் விடியலிலிருந்து நிற்பார். மூக்கு ஒழுக வீட்டுக்கு வருவார். வந்ததும் ஒரே வசனம்: "இந்த வருஷமும் வரல."

வராதது கரண்டி மூக்கு உள்ளான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. மூக்கின் நுனி மட்டும் ஸ்பூன் மாதிரி அகன்றிருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். அவருடைய போனைத் திறந்தால் அதன் படம்தான். முன்பு அந்த இடத்தில் என் படம் இருந்தது. நான் எண்ணிக்கையில் அதைவிடக் குறைவு என்பது அவர் கவனத்துக்கு வரவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா போன் பண்ணினாள். முட்டி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். "நீ வந்து பத்து நாள் பக்கத்துல இருடி. வேற யாரையும் கூப்பிட எனக்கு மனசு வரல." எதற்கும் கெஞ்சாதவள் என் அக்கா. அவள் குரல் கொஞ்சம் உடைந்ததும் எனக்குப் பெட்டி கட்ட வேண்டும்போல் ஆகிவிட்டது.

"அக்காவுக்கு ஆபரேஷன். பத்து நாள் போயிட்டு வரேங்க."

"தாராளமா போ. யார் வேண்டாம்னா?"

"மாமாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை?"

"நீ வந்து குடு."

"பத்து நாள் கழிச்சா?"

"அப்ப ஒரு மாசம் கழிச்சுப் போ. பறவை சீசன் முடியட்டும்."

"முட்டிக்கு சீசன் கிடையாதுங்க. நீங்க லீவு போட்டு உங்க அப்பாவைப் பாத்துக்குங்க."

"இப்பவா? தென்மேற்குக் காத்து இப்பதான் திரும்பியிருக்கு. பறவைங்க அலையலையா இறங்கப்போகுது. இப்ப நான் கிச்சன்ல நிக்கணுமா?"

உள்ளறையிலிருந்து மாமனார் குரல் வந்தது. "டேய், என்னை அந்தக் கொக்குங்களோட கொண்டுபோய் விட்டுடு. அதுங்களாவது நேரத்துக்குச் சாப்பிடுது."

"கொக்கு இல்லப்பா, உள்ளான்!"

"எதுவா இருந்தா என்ன, நீ சமைக்கிறதைச் சாப்பிடறதுக்கு அது தேவலாம்."

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட முடியாத கோபம் எங்கே போகும்? என்னிடம் திரும்பினார்.

"உனக்கு அந்த அமைதியோட அருமை தெரியாது. ஒரு காலை முழுக்க ஒரு வார்த்தை பேசாம உட்காரணும். உன்னால அரை மணி நேரம் முடியுமா? முடிஞ்சா நீ சொன்னதை அப்படியே கேக்கறேன்!"

சில வார்த்தைகள் வாயிலிருந்து விழுந்ததுமே கையை நீட்டிப் பிடித்துவிட வேண்டும். பிடித்தேன்.

"பேசாம உட்கார்ந்துட்டா, பத்து நாள் லீவு போட்டு மாமாவைப் பாத்துப்பீங்க?"

"பேசிட்டா?"

"நான் போகல. இனிமே சீசன்ல உங்க லீவுப் பக்கமே வரல."

அவர் கண் பளபளத்தது. ஒவ்வொரு நிபந்தனையாக வந்தது. பறவைகள் கண்ணில் படாமல் உட்கார்ந்து பார்க்கிற மறைவுக்குடிலுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை பேசக் கூடாது. "ம்" கூடாது. இருமல் உண்டு, அர்த்தமுள்ள இருமல் கூடாது. சைகை, சாடை, கிள்ளுதல், இடித்தல் எதுவும் கூடாது. முகம் சுளிக்கலாம், அது என் பிறவிக் குணமாம்.

"நீங்க பேசலாமா?" என்றேன், தயங்குகிற மாதிரி.

"நான் பேசலாம். மெதுவா."

"ஐயோ. கஷ்டமாச்சே" என்றேன், இன்னும் தயங்குகிற மாதிரி.

நான் படித்த கான்வென்ட்டில் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் மௌனத் தியானம் உண்டு. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் உப்பையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு தடவை என் தட்டில் பல்லி விழுந்தது. பல்லிகூடச் சத்தம் போட்டது, நான் போடவில்லை. சிஸ்டர் எனக்குப் பரிசாக ஒரு புனிதர் படம் தந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடற்கரைச் சுவரோரம் இறங்கியதும் காற்று அவர் தொப்பியைப் பறித்துக் கடலில் போட்டது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் சதுப்பு நிலம். கடல் ஏறும்போது வெளியே சேறெல்லாம் முழுகிவிடும். இரை பொறுக்குகிற பறவைகள் சதுப்புக்குள் ஒதுங்கும். அதன் கரையில்தான் குடில். பலகை அடித்த நீள அறை, ஒரு பெஞ்சு, கண் மட்டத்தில் ஜன்னல் என்று சொல்ல முடியாத நீளப் பிளவு, அதன் கீழே முழங்கை ஊன்ற ஒரு பலகை.

கணவருடைய பறவை பார்க்கும் குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். வாரம் ஆறு நாள் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்பவர், ஏழாவது நாள் மூடச் சொல்வார். அவரையே பந்தயத்துக்குச் சாட்சியாக வைத்தார் கணவர். இன்னொருவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். இதுவரை பார்த்த பறவைகளின் கணக்கில் என் கணவரைவிட ஒரே ஒரு பறவை முன்னால் இருப்பவர். அந்த ஒரு பறவைக்காக என் கணவர் அவர் வீட்டுக்கு நாங்கள் பால் இரவல் கேட்கவும் தடை போட்டிருந்தார்.

டாக்டரும் ஏஜெண்டும் டெலஸ்கோப்போடு அந்தக் கோடியில் உட்கார்ந்தார்கள். நாங்கள் இந்தக் கோடியில். கதவு மூடிக்கொண்டது. என் வாயும்.

அவர் உடனே ஆரம்பித்தார், காதோரம், கிசுகிசுப்பாக.

"காஸை அணைச்சியா? எனக்கென்னவோ அணைக்காத மாதிரியே இருக்கு."

அணைத்திருந்தேன். வெளியே பார்த்தேன். தண்ணீரோரம் கை அகலப் பறவைகள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், வெளுக்கப் போட்ட சாக்ஸ் மாதிரி.

"உங்க அக்கா ஒரு போர்வை குடுத்தாளே. முதல் தண்ணியிலேயே அதோட சாயம் என் சட்டையெல்லாம் ஏறிடுச்சு. தள்ளுபடியில வாங்கியிருப்பா."

சாயம் ஏறியதற்குக் காரணம், இவர் அதைச் சட்டைகளோடு ஊறவைத்தது. பொறுத்தேன்.

"எங்க அம்மா கைப்பக்குவத்துல உனக்குக் கால்வாசி வந்திருந்தாகூட..."

புனிதர் படத்தை மனதில் கொண்டுவந்தேன். பிறகு அவர் ரகசிய ஆயுதத்தை எடுத்தார். என்னை அவர் நன்றாகத்தான் படித்துவைத்திருக்கிறார், என் பள்ளிக்கூடத்தைத் தவிர.

"யூ நோ, யெஸ்டர்டே ஐ டிட்ன்ட் வென்ட் டு ஆபீஸ். ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் ஆர் கமிங்."

தப்பு இங்கிலீஷைத் திருத்தத் துடித்து என் பற்கள் தானாக ஒன்றையொன்று கடித்தன. டாக்டர் அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து என் கணவரை முறைத்தார். என்னையில்லை. அவரை. அந்தக் காட்சிக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம்.

ஆனால் கணவருக்கு வேகம் ஏறிவிட்டது. எழுந்து வந்து, பிளவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கைப் பலகைமேல் சாய்ந்து, எனக்கு நேர் எதிராக உட்கார்ந்தார். என் முகத்தில் எந்தத் தசை அசைகிறது என்று பார்க்கிறாராம்.

அப்போதுதான் அவருடைய வலது காதுக்குப் பின்னால் அது நடந்து வந்தது.

கூட்டத்திலிருந்து பிரிந்து, கரைக்கு ரொம்பக் கிட்டத்தில், ஆழமில்லாத தண்ணீரில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வந்தது. வீடு பெருக்குகிற மாதிரி ஆட்டல். நிறம் மற்றதுகளின் சாம்பல்தான். நான் சாதாரணமாகத்தான் பார்த்தேன். அது தலையைத் தூக்கியது. மூக்கு நுனியில் ஸ்பூன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாக அவர் போனில் நான் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம். அந்தக் கோடியில் டாக்டர் யாரும் அசையாதீர்கள் என்று ஒரு கையைத் தூக்கியபடி டெலஸ்கோப்போடு ஒட்டிக்கிடந்தார். ஏஜெண்ட் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார். இவர் ஒருவர்தான் இந்தக் குடிலில் அதைப் பார்க்கவில்லை. இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஒழுகுகிற மூக்கும், "இந்த வருஷமும் வரல"வும் நினைவுக்கு வந்தன. ஒரு வார்த்தை. "திரும்புங்க." அவ்வளவுதான். அக்காவிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். என் உதடு பிரிந்தேவிட்டது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். இன்னொரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடுவேன் என்று நினைத்து, குனிந்து கிசுகிசுத்தார்:

"உங்க அக்காவுக்கு முட்டி வலியே கிடையாது. எல்லாம் பாசாங்கு. உன்னைச் சம்பளம் இல்லாத வேலைக்காரியா வெச்சுக்கப் பாக்கறா."

உதடு மூடிக்கொண்டது.

கண்ணை மட்டும் என்னால் மூட முடியவில்லை. அது விரிந்துகொண்டே போனது. பறவை ஒரு கால் தூக்கி நின்று, இறக்கையைக் கோதியது. கணவர் முகம் மலர்ந்தது.

"வருது! வருது! கண்ணைப் பாரு! பேசப்போற! ஜெயிச்சுட்டேன்!"

சந்தோஷத்தில் பலகையில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சாக எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டது.

குடில் வெடித்தது. "பார்த்தீங்களா! டாக்டர், பார்த்தீங்களா!" என்று ஏஜெண்ட் அவரைக் கட்டிக்கொண்டார்.

"என்ன? என்ன வந்துச்சு?" என்றார் என் கணவர்.

"கரண்டி மூக்கு சார்! உங்களுக்குப் பின்னாடியேதானே நின்னுச்சு!"

கணவர் திரும்பினார். காலித் தண்ணீர். அதில் காற்று மட்டும் கோடு போட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மெல்ல, "டாக்டர், நானும் இதே இடத்துலதானே இருந்தேன். என் பேரையும் சேர்த்துக்கலாமே" என்றார்.

"முதுகால பார்த்ததெல்லாம் கணக்குல வராது சார்."

ஆனால் டாக்டருக்கும் ஒரு கவலை. "அவங்க கோடியிலதான் கிட்ட நின்னுச்சு. இங்கிருந்து புல்லு மறைச்சுடுச்சு, கால் தெரியல. சில குஞ்சுகளுக்கு ஆராய்ச்சிக்காரங்க கால்ல கலர் பட்டை கட்டி விடுவாங்க. அது தெரிஞ்சா எங்க பொறந்ததுன்னே சொல்லிடலாம். அம்மா, நீங்க கால் பார்த்தீங்களா?"

நான் புனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"பேசு!" என்றார் கணவர். "பார்த்தியா இல்லையா?"

குடிலை விட்டு வெளியே வரும்வரை என்பது நிபந்தனை. தலையாட்டக்கூட இல்லை.

"சார், பந்தயத்தை முடிச்சு அம்மாவைப் பேச விடுங்க!" டாக்டர் பதறினார்.

"நீ ஜெயிச்சுட்டே! பத்து நாள் லீவு! பேசு!"

இது தந்திரமாகவும் இருக்கலாம். எனக்கு அவரைத் தெரியும். கடலைப் பார்த்தேன்.

"பதினஞ்சு நாள்!"

அலை நன்றாக இருந்தது.

"அப்பா சாப்பாடு, மாத்திரை, பாத்திரம், துணி எல்லாம் நான்! பறவைப் பக்கமே போகல! தாயே, ஏதாவது பேசேன்!"

லிஃப்டிலும் ஏணியடியிலும் என் வாயைப் பற்றிப் பேசிய மனிதர் இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் கை கூப்பி நின்றார். டாக்டரைப் பார்த்தேன். "நான் சாட்சிம்மா" என்றார் அவர். "நானும்" என்றார் ஏஜெண்ட், தேவைக்கு மேல் சந்தோஷமாக.

தொண்டையைச் செருமினேன். "இடது கால்ல வெளிர்பச்சைப் பட்டை, டாக்டர். வலது கால்ல ஒண்ணுமில்ல."

டாக்டர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். பார்த்தவர்கள் வரிசையில் என் பெயர் முதலில் வரும் என்றார்.

கணவர் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் குரல் இப்போது உண்மையிலேயே கிசுகிசுப்பாக இருந்தது. "அந்த மூக்கு... எப்படிம்மா இருந்துச்சு? நெஜமாவே ஸ்பூன் மாதிரியேவா?"

"அடுப்புக்குப் பக்கத்துல ரெண்டாவது டிராயர்ல நிறைய கிடக்குங்க, பதினஞ்சு நாளும் ஆசைதீரக் கழுவிக் கழுவிப் பாருங்க."