சிந்தாமணியின் முதல் வாள் விஷயமாக மச்சானுக்கு

பெரம்பலூர்,
புதன்கிழமை, காலை பத்து மணி.

மரியாதைக்குரிய மச்சான் மணிமாறன் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை குழந்தைவேல் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் தங்கை சிந்தாமணியும் நலம் என்றே நினைக்கிறேன். அவள் என்னோடு பேசி இன்றோடு ஆறு நாள் ஆவதால் கேட்டு எழுத முடியவில்லை. அங்கு திருமழபாடியில் நீங்களும் அக்காவும், ஆற்றங்கரை வாழையும், சினையாக இருக்கிற செவலைப் பசுவும் நலமாக இருக்க வைத்தியநாத சுவாமியை வேண்டிக்கொள்கிறேன்.

கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் "ஆங்?" என்பீர்கள், நான் கத்துவேன், நீங்கள் மறுபடி "ஆங்?" என்பீர்கள், அதற்குள் எங்கள் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிடும். இது தெருவுக்கு ஏற்கெனவே தப்பும் தவறுமாகத் தெரிந்திருக்கிற விஷயம். தபாலில் போட்டால் ஞாயிறு தாண்டிவிடும் என்பதால், உங்கள் ஊர் பஸ் கண்டக்டர் சுரேஷ்குமாரிடம் கொடுத்தனுப்ப இருக்கிறேன். அவர் பிரித்துப் படிக்க மாட்டார், நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சிந்தாமணிக்குக் கழுத்து வலி வந்ததும், டாக்டர் மாத்திரையை நிறுத்தி உடற்பயிற்சி செய்யச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அவள் சேர்ந்திருப்பது யோகா வகுப்பு என்று பொங்கலுக்கு வந்தபோது உங்களிடம் சொன்னேன். அது யோகா இல்லை மச்சான். லப்பைக்குடிக்காட்டுப் பெண் சமீரா, புருஷனோடு பத்து வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்து, இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடை மாடியில் பெண்களுக்கு மட்டும் பெல்லி டான்ஸ் என்கிற இடுப்பு நடனம் சொல்லிக்கொடுக்கிறது. அங்கே அரபுப் பெண்களிடம் கற்றுக்கொண்டதாம். கழுத்து வலிக்கு இடுப்பை ஏன் ஆட்ட வேண்டும் என்று கேட்டேன், ஆனால் நாலு மாதத்தில் கழுத்து வலி போய்விட்டது, ஆகவே மேற்கொண்டு கேட்கவும் வழியில்லை. இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் ஆண்டு விழா. அங்கும் பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. அதில் ஐம்பத்தாறு வயதான உங்கள் தங்கை தலையில் வாளை வைத்துக்கொண்டு தனியாக ஆடப்போகிறாள்.

வாள் என்றதும் பதறாதீர்கள், நான் பதறியது போதும். படி இறங்கி வந்து சமீராவே எனக்கு விளக்கியது. "அங்கிள், மொத வாளுக்கு ரொம்ப செலவு பண்ணாதீங்க. கூர் இருக்கவே கூடாது. முக்கா கிலோ இருந்தாப் போதும், ரொம்ப லேசா இருந்தா ஆடும், நிக்காது. வளைவா இருக்கணும். வெரல் மேல வச்சா ஒரே எடத்துல நிக்கணும், அதான் முக்கியம்" என்றது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் முப்பத்தொரு வருஷம் எடை மேடையில் உட்கார்ந்தவன் நான். லாரிக்குப் பத்து கிலோ கூட்டியோ குறைத்தோ ஒரு நாளும் எழுதியதில்லை. நீங்களே உங்கள் வீட்டுக்கு ஜல்லி ஏற்றி வந்து எங்கள் மேடையில் எடை போட்டபோது விட்டுக்கொடுக்கவில்லை என்று இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். பேசாமல் இருப்பது உங்கள் குடும்பத்தில் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் அசல் நடன வாளின் விலையைப் பார்த்ததும், ஐயாயிரத்து ஐந்நூறு, வாய் சும்மா இருக்காமல், "முதல் வாள்தானே, ஆடி நிலைச்சா அப்புறம் நல்லதா வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பைக் வாங்குனப்ப, ஓட்டி நெலச்சாப் பாத்துக்கலாம்னு நானா சொன்னேன்?" என்றாள். அந்த பைக்கில் மூன்றாம் நாளே விழுந்து முட்டி உடைந்ததை அவள் சொல்லவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகையால் மலிவாகவும் நன்றாகவும் ஒரு வாள் வாங்கிக் காட்டுவது என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. முதலில் கம்ப்யூட்டரிலேயே படத்தில் பளபளவென்று இருந்த ஒன்றை முந்நூற்று நாற்பதுக்கு வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தால் பிளாஸ்டிக், பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிந்து சண்டைச் சத்தம் போட்டது, தலையில் வைத்ததும் மின்விசிறிக் காற்றுக்கே பறந்துபோய் அலமாரி மேல் விழுந்தது, இன்னும் அங்கேதான் கிடக்கிறது, பக்கத்தில் லாரி போனால் தானாகச் சத்தம் போடுகிறது. அடுத்து, நாடகத்துக்கு உடை வாடகைக்கு விடுகிற செல்லதுரையிடம் போனேன். ராஜா வேஷத்து வாள் கொடுத்தார், மரத்தில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியது. உங்கள் தங்கை தலைக்கு எண்ணெய் வைக்கிறவள். வாளை எடுத்தபோது மரம் கையோடு வந்தது, வெள்ளித்தாள் தலையிலேயே தங்கிவிட்டது, இரண்டு நாள் சீப்பில் வந்துகொண்டிருந்தது. செல்லதுரை தாளுக்கு அபராதம் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன், அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அரியலூர்ப் பக்கம் முத்துசாமி ஆசாரி என்று ஒருவர் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார், ஆலைக் காலத்துப் பழக்கம். அவரிடம் போய் வளைவாக ஒரு வாள் வேண்டும், கூர் போடக் கூடாது என்றேன். "கூர் வேணாமா, சரி சரி, நமக்கு வேலையே அதுதானே. யாரு பேருக்கு?" என்றார். என் வீட்டம்மா சிந்தாமணி பேருக்கு என்றேன். "என்ன காரியமா?" கழுத்து வலி என்றேன், அதில்தானே எல்லாம் ஆரம்பித்தது. "தலையில வச்சு எடுப்பாங்களா?" என்றார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டு, ஆமாம், தலையில்தான் என்றேன். மச்சான், நீங்களே சொல்லுங்கள், நம் பக்கத்தில் கூர் இல்லாத வாளை யார் கேட்பார்கள்? கருப்புசாமிக்கு வேண்டிக்கொண்டவர்கள்தானே கேட்பார்கள்? நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அவர் புரிந்துகொண்டதிலும் ஒரு தப்பு இல்லை.

போன வியாழக்கிழமை வாங்கப் போனால், பட்டறை வாசலில் ஏழெட்டுப் பேர் கும்பிட்டு நிற்கிறார்கள். வாளுக்கு மஞ்சள் துணி, சந்தனம், வேப்பிலை, முனையில் எலுமிச்சம்பழம். தகட்டில் 'கு. சிந்தாமணி உபயம்' என்று அழகாக வெட்டியிருந்தது. ஆசாரி வீட்டம்மா குலவை போட்டார். "மூணு நாளாக் கவுச்சி தொடாமச் செஞ்சதுங்க. தரையில வைக்காதீங்க, வூட்டுக்குள்ள கொண்டுபோவாதீங்க, நேரா சாமிகிட்ட போயிருங்க" என்று சூடம் காட்டி இரண்டு கையிலும் ஏந்தக் கொடுத்தார். மூன்று நாள் விரதம் இருந்த மனுஷனிடம் இது இடுப்பு நடனத்துக்கு என்று எந்த வாயால் சொல்வது? பஸ் ஏறினேன். எனக்கு ஒரு நாளும் எழுந்து இடம் கொடுக்காத ஜனம், வாளுக்கு எழுந்து இடம் கொடுத்தது. எந்தச் சாமிக்கு என்று முன் சீட்டு அம்மாள் கேட்க, வாயில் வந்ததை, எங்க ஏரிக்கரைக் கருப்பு என்றேன். "நானும் அங்க ஒரு சூடம் ஏத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேங்க" என்று அந்த அம்மாளும், கூட இரண்டு பேரும் என்னோடு பெரம்பலூரில் இறங்கிவிட்டார்கள். வீட்டுப் பக்கம் திரும்ப முடியுமா? நேரே ஏரிக்கரைக்குப் போய், பூசாரி அங்கமுத்து தகட்டில் இருந்த பெயரை உரக்கப் படிக்க, வாளைச் சாமி முன்னால் நட்டுவிட்டு வெறும் கையோடு வீடு வந்தேன்.

மறுநாள் காலைக்குள் தெருவில் மூன்று கதை. அவளுக்குத் திருச்சியில் ஆபரேஷன் என்பது ஒன்று. வீட்டில் செய்வினை என்பது ஒன்று. புருஷன் குடியை நிறுத்த வேண்டிக்கொண்டாள் என்பது மூன்றாவது, அதுதான் நிலைத்தது. மோர் குடித்தாலே சளி பிடிக்கிறவன் நான், இரண்டு பேர் வழியில் நிறுத்திக் கைகொடுத்து, இப்படியே இருங்க சார் என்றார்கள். சிந்தாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, "என் பேர வெட்டி, என் வாள, எனக்கே காட்டாமச் சாமிக்குக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. இனிமே நான் என்னத்தப் பேசுறது" என்றாள். அத்தோடு சரி. தட்டு வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொள்கிறேன்.

ஆகவே மச்சானிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் சனிக்கிழமையே வந்து, அண்ணன் என்ற முறையில், இந்த வயதில் இந்த ஆட்டமெல்லாம் நம் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு அதட்டுப் போட வேண்டும். அப்படிச் செய்தால் அண்ணன் தடுத்ததால் ஆடவில்லை என்று ஆகும், வாள் இல்லாததால் ஆடவில்லை என்று ஆகாது. கோபமும் உங்கள் மேல் திரும்பிவிடும். நீங்கள் திருமழபாடியில் இருப்பவர், அவள் சமையல் உங்களுக்குத் தேவையில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நேற்று மாலை சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தேன். ஆலையிலிருந்து நான் கொண்டுவந்த இரண்டடி இரும்பு ஸ்கேலைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். இடுப்பு ஒரு பக்கம் சுழல்கிறது, கை ஒரு பக்கம் போகிறது, தலை மட்டும் அசையவில்லை. எங்கள் மேடையில் லாரி ஏறினால் எண் இப்படியும் அப்படியும் ஓடித்தான் நிற்கும். அவள் தலையில் அந்த ஸ்கேல் அப்படி ஓடவே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்திருக்கிறேன், இவளுக்கு இது வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் திரும்பும்போது ஸ்கேல் விழுந்தது. லேசானது, நிற்காது. எடுத்து வைத்தாள், மறுபடி விழுந்தது. ஏழாவது தடவை எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது மச்சான். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பெண்கள் முன்னால் அப்படி அவள் உட்காரக் கூடாது, அதனால்தான் தடுக்கச் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கன்று பிறந்ததும் தெரிவிக்கவும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த,
குழந்தைவேல்.

பின்குறிப்பு: மணி நாலு. ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், கால் தானாக ஏரிக்கரைக்குத் திரும்பிவிட்டது. வாளை ஒரு நாள் கடனாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று போனால், அங்கே எனக்கு முன்னால் சிந்தாமணி நிற்கிறாள். அவளும் அதற்குத்தான் வந்திருக்கிறாள். அங்கமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் யாரு சொல்றதுக்கு, சாமியக் கேட்டுக்கலாம்" என்று வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலையில் கட்டிப் போட்டார். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை! கருப்புசாமிக்குச் சம்மதம். அங்கமுத்து வாளைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். ஒரு விரலில் வைத்துப் பார்த்தாள், நின்றது. தலையில் வைத்து, சாமி முன்னாலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள், எலுமிச்சம்பழம்கூட அசையவில்லை. அங்கமுத்து மணி அடித்துவிட்டார். அவள் என்னைப் பார்த்து, "எடை சரியா இருக்குங்க" என்றாள். முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் நான் சொன்ன வார்த்தை. எனக்கு யாரும் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது, சூடப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிபந்தனை ஒன்று இருக்கிறது. பெண் பெயரில் உள்ள வாள் என்பதால் "பொறந்த வூட்டு ஆம்பள கையாலதான் கோயில விட்டு எடுக்கணும், அதே கையாலக் கொண்டாந்து நட்டுரணும்" என்று அங்கமுத்து வாளைத் திரும்ப வாங்கி நட்டுவிட்டுச் சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் அதட்ட வர வேண்டாம், தூக்க வர வேண்டும். ஞாயிறு காலை குளித்துவிட்டு, கவுச்சி தொடாமல் வாருங்கள். சமீராவிடம் கேட்டேன், ஆண்களில் வாள் தூக்கி வருகிறவர் மட்டும் மேடை ஓரம் வரை வந்து நிற்கலாம் என்கிறது. எனக்கு அவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும் மச்சான். ஆகவே கைப்பிடிப் பக்கம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், முனைப் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். இந்தச் சின்ன வாளுக்கு இரண்டு ஆள் எதற்கு என்று வாசலில் கேட்டால், நீங்கள் "ஆங்?" என்று நில்லுங்கள், முப்பது கிலோ என்று நான் சொல்லிவிடுகிறேன்.