வெயிலூருக்குப் போன தூக்குவாளிகள்

கிட்ட வந்து உட்காருங்க. பின்னால இருக்கிறவங்களும் நகர்ந்து வாங்க, மழைச் சத்தத்துல என் குரல் எட்டாது. போனை மடியில கவுத்து வையுங்க. கதைக்குள்ளயே ஒரு போன் வருது, அது போதும்.

ஒரு காட்டில் வெயில் என்பதே கிடையாது. மலை உச்சியில், மேகத்துக்குள்ளேயே கிடக்கிற காடு அது. காயப்போட்ட கிழங்கு காயாது, முளைவிடும். பாறையில் பாசி, மரத்தில் பாசி, சும்மா உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தவன் மேலேயும் பாசி.

அங்கே வேலாண்டி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். மகா புத்திசாலி என்று பேர். அந்தப் பேரைப் பரப்பினது யார் என்று விசாரித்தால் கடைசியில் அவனிடமே வந்து நிற்கும். அவன் பெண்டாட்டி சிட்டம்மா. பாவம், அவள் முதுகில் ஒரு முள் விடாமல் பாசி ஏறியிருந்தது. ஈரத்தில் முட்டியும் பிடித்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்.

"நகை கேக்கல, நட்டு கேக்கல. ரெண்டே நாளு வெயில்ல கிடக்கணும். இந்த முதுகு ஒரு தடவை காயணும். அவ்வளவுதான்."

மலைக்குக் கீழே, கடலை ஒட்டி வெயிலூர் என்று பெரிய பட்டணம். வருஷம் பூரா வெயில். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடலாம். மலையடிவாரத்துக்கே வேன் வரும், ஏறி உட்கார்ந்தால் முடிந்தது. ஆனால் வெறுமனே ஏறி உட்காருவதற்குப் புத்திசாலி எதற்கு? வேலாண்டி திட்டம் போட ஆரம்பித்தான்.

முதலில் போனில் லாட்ஜு தேடினான். ஒன்றுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டு, 'அருமையான அறை, தலைமுறையாக இருக்கிறோம், யாரும் தொந்தரவு செய்ததில்லை' என்று எழுதியிருந்தது. எழுதினவர் யாரென்று பார்த்தால் கரப்பான். அடுத்த லாட்ஜுக்கும் அஞ்சு நட்சத்திரம். 'சாப்பாடு படுக்கைக்கே வந்துவிடுகிறது' என்று ஒரு மூட்டைப்பூச்சி குடும்பத்தோடு புகழ்ந்திருந்தது.

அப்புறம் வெயிலூரில் மழை வருமா என்று காலையும் மாலையும் பார்த்தான். வெயில், வெயில் என்றே காட்டியது. "இப்படி விடாம வெயில் காட்டுதுன்னா எங்கயோ தப்பு இருக்கு" என்று குடையை எடுத்து வைத்தான். கடலைப் பார்க்க எவ்வளவு நேரம், பார்த்துச் சந்தோஷப்பட எவ்வளவு நேரம் என்று பிரித்தான். சந்தோஷத்தில் கொஞ்சம் வெட்டினால்தான் கலங்கரை விளக்கம் பார்க்க முடியும் என்று தெரிந்தது. வெட்டினான்.

சிட்டம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்று மட்டும் சொன்னாள்.

"ஏங்க, நாம போறதை யாருகிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க."

"என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

கிளம்புவதற்கு முந்தின நாள் வரைக்கும் அவன் வாயைக் கட்டித்தான் வைத்திருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தான். மாட்டினால் படம் எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தால் போடாமல் இருக்க முடியுமா? 'காட்டுச் சொந்தங்கள்' குழுவில் படத்தைப் போட்டு, 'நாளை வெயிலூர்' என்று எழுதினான். சொல்லாமல் போனால் அது போனதில் சேர்த்தியா? நீங்களே சொல்லுங்க.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். பட்டணத்துக்கு யார் கிளம்பினாலும் கையில் ஏதாவது கொடுத்தனுப்பாமல் விடமாட்டார்கள். ஏனென்றால் எல்லாருக்கும் ஒரு சொந்தக்காரராவது வெயிலூர் மிருகக்காட்சிசாலையில் இருந்தார். காட்டில் அதற்கு மரியாதையே தனி. அரசாங்க உத்தியோகம், குடியிருப்பு, வேளாவேளைக்குச் சாப்பாடு. பார்க்க வருகிறவன்கூட டிக்கெட் எடுத்துத்தான் வரணும்.

முதலில் கரடி ராக்கப்பன் வந்தான்.

"மாப்ளே! கெளம்புறே, ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா! சரி போகட்டும். இந்தத் தினைமாவைத் தம்பிகிட்ட குடுத்துடு. தேன் ஊத்திப் பிசைஞ்சது. போற வழிதானே?"

"அது ஊருக்கு அந்தக் கோடியாச்சே மாமா. கையிலயும் எடம் இல்ல..."

"கை எதுக்கு? உன் முதுகுல இல்லாத ஆணியா?" என்று ராக்கப்பன் தூக்குவாளியை ஒரு முள்ளில் மாட்டிவிட்டுப் போனான்.

அடுத்து யானைப் பெரியம்மா. தன் மகனுக்குப் பலாப்பழ அப்பம். தூக்குவாளி என்றுதான் சொன்னாள். பார்த்தால் அண்டா. அதன் பின்னாலேயே மிளா மான் பொண்ணு பூவாத்தா, அக்காவுக்கு நெல்லிக்காய் ஊறுகாயோடு வந்தாள். "சிந்தாமக் கொண்டு போங்கண்ணே. சிந்தினா உங்களுக்குத்தான் எரியும்."

வந்துகொண்டே இருந்தார்கள். விடிகாலையில் வேலாண்டி பாத்திரக்கடை நடந்து வருகிற மாதிரி வந்து வேனடியில் நின்றான். அசைந்தால் கோயில் மணி மாதிரி சத்தம். சிட்டம்மா பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேன் ஓட்டுகிற மந்தி லாடசாமி எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு சீட்டு சொல்லியிருக்கீங்க. சாமானே ஒரு சீட்டை அடைக்குது. ஆளு ஒண்ணுதான் ஏறலாம்."

"தம்பி, நான் முள்ளை மடக்கிக்கிறேன்."

"நீங்க மடக்குவீங்கண்ணே. அண்டா மடங்குமா?"

சாமானை இறக்கிவிடலாம் என்றால், கொடுத்தவர்கள் அத்தனை பேரும் வழியனுப்ப வந்து கையாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வேலாண்டி பெண்டாட்டியின் முதுகைப் பார்த்தான். பச்சைப் பசேல் என்று இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டான்.

"நீ போயிட்டு வா புள்ள."

"நீங்க?"

"எனக்கென்ன, திட்டம் இருக்கு."

வேன் போய்விட்டது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. வேலாண்டி வளைக்குள் உட்கார்ந்து பெண்டாட்டிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தான். 'இப்போது கடலைப் பார்க்கும் நேரம்.' 'இப்போது சந்தோஷப்படும் நேரம்.' 'கலங்கரை விளக்கம், மறக்காதே.' அவள் எல்லாவற்றையும் படித்தாள் என்று போன் காட்டியது. பதில் மட்டும் இல்லை. புத்திசாலித்தனத்தைக் காட்ட வேறு ஆள் இல்லாமல் அவன் குடையை விரித்து வளைக்குள்ளேயே பிடித்துக்கொண்டான். ஒழுகத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு படம் வந்தது. மணல், கடல், நடுவில் சிட்டம்மா குப்புறக் கிடக்கிறாள். முதுகு முள்ளெல்லாம் விசிறி மாதிரி விரிந்து பளபளவென்று காய்கிறது. வேலாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரிசாக்கிப் பார்த்தான். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளி, மூடி திறந்து கிடக்கிறது. இன்னும் பெரிசாக்கினான். ராக்கப்பனுடைய வாளி. அவள் மீசையில் ஒட்டியிருந்தது தினைமாவு.

ராக்கப்பன் கை எவ்வளவு பெரிசு என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் வேன் திரும்பியபோது காடே அங்கே நின்றது. சிட்டம்மா மினுமினு என்று இறங்கினாள். நடந்தால் முள்ளெல்லாம் காய்ந்த நெற்று மாதிரி கலகலத்தது. பாத்திரங்களை அவரவர் கையில் கொடுத்தாள். எல்லாம் பளிச்சென்று கழுவியிருந்தது.

ராக்கப்பன் வாளியைத் திறந்து பார்த்தான். கவிழ்த்துத் தட்டினான். "வெறும் வாளியா? ஒரு துண்டு வெல்லம்கூடப் போடாம?"

அந்தக் காட்டில் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்புவது கன்னத்தில் அறைவதற்குச் சமானம். இல்லாதவர்கள்கூட நாலு அரிசி போட்டுத்தான் திருப்புவார்கள்.

"என் அண்டாவும் வெறுமனேதான் வந்திருக்கு" என்றாள் யானைப் பெரியம்மா. "ஏன்டி சிட்டு, என் மவன் ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லல பெரியம்மா."

"பாத்தீங்களா! அரசாங்கச் சோறு உடம்பை வளத்துச்சே ஒழிய மனசை வளக்கலையே!"

"போன் போட்டு நறுக்குன்னு கேளுங்களேன்" என்று வேனுக்குள்ளிருந்து லாடசாமி குரல் கொடுத்தான். வேலாண்டியின் முள் அத்தனையும் நட்டுக்கொண்டது.

"நானா?" என்று ராக்கப்பன் உறுமினான். "நான் போன் போடுவேனா? அவனா கூப்பிடட்டும். எனக்கு மானம் இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் பூவாத்தா. எல்லாருக்கும் இருந்தது. வேலாண்டியின் முள் ஒவ்வொன்றாகப் படுத்தது.

வளைக்கு வந்ததும் அவன் கேட்டான். "ஏ புள்ள, குடுக்கவே இல்லையா?"

"குடுக்கத்தான் முதல்ல போனேன். அண்டாவை உருட்டிக்கிட்டே போனேங்க. வாசல்லயே பெரிய போர்டு. 'விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது.' காவக்காரன் குச்சியை ஓங்கிக்கிட்டு வர்றான். அரசாங்கமே வேணாங்குது, நாம மீறலாமா?"

"அதுக்கு?"

"அண்டாவைத் தூக்கிக்கிட்டுக் கலங்கரை விளக்கம் ஏறச் சொல்றீங்களா? மணல்ல உக்காந்தேன். வெயில் பட்டா என்னா பசி பசிக்குதுங்கிறீங்க! உங்க லாட்ஜுப் பக்கமே போகல." இலையில் மடித்து வைத்திருந்த ஒரு பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினாள். ரெண்டு அப்பமும் கொஞ்சம் ஊறுகாயும். "உங்க பங்கு."

அவன் தின்றான். மேலே மழை சொட்டியது. பக்கத்தில் அவள் காய்ந்த முதுகோடு, முட்டி நீட்டி, அசந்து தூங்கினாள். அவன் தன் முதுகைத் தடவிப் பார்த்தான். பாசி வழவழத்தது.

வேலாண்டி போனை எடுத்தான். அவனும் புத்திசாலிதானே. 'காட்டுச் சொந்தங்கள்' குழுவில் எழுதினான்: 'நடந்தது எனக்கே பொறுக்கவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பினவர்களுக்கு உறைக்க வேண்டுமானால், அதே பாத்திரத்தை நெய் மணக்க, வழிய வழிய நிரப்பி மறுபடி அனுப்புங்கள். அவர்களே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கட்டும். சிரமம் பார்க்காமல் வருகிற சனிக்கிழமை நாங்களே கொண்டு போகிறோம்.' அதற்குக் கீழே, 'காரம் மட்டும் கொஞ்சம் குறைவாக' என்று எழுதினான். யோசித்தான். அதை அழித்தான்.

அப்புறம் லாடசாமியைக் கூப்பிட்டு, தங்களுக்கு ரெண்டு சீட்டும், அண்டாவுக்கென்று தனியாக ஒரு சீட்டும் பிடித்து வைக்கச் சொன்னான்.

நீதி: சுற்றுலா கிளம்புகிறவர்கள் ஊர் பூராவும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். கொடுத்தனுப்பினது யார் வயிற்றுக்குப் போனது என்று மானமுள்ளவர்கள் கேட்கமாட்டார்கள். பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தால் போதும்.