பீப்பாவுக்கு பெல்ட் போட்டவர்

டென்மார்க்கில் பியர் குடிக்கத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் பியரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் சில்க்போர்க்கில் எங்கள் மேல்வீட்டில் இருந்தார்.

அவருடைய உண்மையான பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. மற்றப் பாதிப்பேர் மறந்துவிட்டார்கள். ஒருமுறை யாரோ தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்க, அவருடைய மனைவி மலர் அக்காவே, "அப்பிடி இங்க ஒருத்தரும் இல்லை, பிழையான நம்பர்" என்று வைத்துவிட்டாராம். எங்கள் எல்லோருக்கும் அவர் ஆட்டாதேங்கோ அண்ணை. படி ஏறுபவர், வான் ஓட்டுபவர், பக்கத்தில் நின்று தும்முபவர், எல்லோருக்கும் அவர் சொல்லும் ஒரே சொல் அதுதான்.

தொழிற்சாலையில் அலுமாரிக் கதவுகளுக்குப் பிணைச்சல் பூட்டுவது அவருடைய வேலை. பியர் காய்ச்சுவது அவருடைய விசர். நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலையைப் பிடித்து வைத்திருந்தார். அங்கிருந்து வரும் மணத்தில் எங்கள் கட்டடத்து உடுப்பெல்லாம் கஞ்சி போட்டது மாதிரியே காயும்.

இதில் பெரிய விசேஷம், அவர் ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். "கைக்குது தம்பி" என்பார். ருசி பார்க்கும் பொறுப்பு என்னுடையது. மிகவும் கஷ்டமான பொறுப்பு. ஒருநாளும் நான் பின்வாங்கியதில்லை.

காய்ச்சிய பியரை அவர் வீட்டில் வைத்து யாருக்கும் கொடுத்ததும் கிடையாது. திறந்தவெளியில் நாலு பேர் கூடுகிற இடம் எங்கே என்று தேடி, அங்கே கொண்டுபோவார். கொண்டுபோவதுதான் பிரச்சினை.

முதல் பயணம் விபோர்க் நகருக்கு. அங்கே எங்கள் சனங்களின் விளையாட்டுப் போட்டி. நல்ல வெய்யில். போத்தல்களை என் வான் வண்டியில் ஏற்றினார். ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு காலுறை மாட்டியிருந்தார். வீட்டில் இருந்த காலுறை போதாமல் மலர் அக்காவின் கம்பளிக் கையுறைகளும் அதில் சேர்ந்திருந்தன. பின் கதவில் கைகள் நீட்டிக்கொண்டு நின்றன.

போத்தலை மூடுவதற்கு முன் நுரைக்காகக் கொஞ்சம் சீனி போடவேண்டும். அண்ணை தேத்தண்ணிக்குப் போடுகிற அளவில் போட்டிருக்கிறார். அதுவும் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணி.

பாதிவழியில் பின்னால் 'டப்' என்றது.

"என்ன அண்ணை சத்தம்?"

"ஒண்டுமில்லை. நீங்கள் ஆட்டாமல் ஓடுங்கோ."

'டப், டப்' என்றது. பிறகு எண்ணமுடியவில்லை. நான் பயந்துபோய் முதலில் கண்ட வாகனத் தரிப்பிடத்துக்குள் திருப்பி, இறங்கி ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தேன். அண்ணையும் என் பின்னாலேயே ஓடிவந்தார். அப்போதுதான் பார்த்தேன்: பக்கத்துப் புல்வெளியில் பெந்தெகொஸ்தே சபைத் தமிழ்க் குடும்பத்தவர்கள் கண்ணை மூடி, கையை உயர்த்தி, மௌனமாகச் செபித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனத்துக்குள் மிச்சப் போத்தல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. காலுறைகள் பறந்தன. காற்று போதகர் பக்கமாக அடித்தது.

போதகர் கண்ணைத் திறந்தார். அண்ணை தலையிலிருந்து தாடி வரை பியர் ஒழுக அவர் முன்னால் போய்க் கைகட்டி நின்று, "ஐயா, சத்தியமா நான் குடிக்கிறேல்லை" என்றார்.

போதகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓம், பாக்கத் தெரியுது" என்றார். பிறகு அந்த நல்ல மனிதர் துவாய் கொடுத்து, எங்கள் இருவருக்கும் இடியப்பமும் சம்பலும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதோடு போத்தலை விட்டார் அண்ணை. உருக்குப் பீப்பாவுக்கு மாறினார். மாறியதும் விசர் முற்றியது. காரில் முன் இருக்கை பீப்பாவுக்கு. அதற்கு ஈரப்போர்வை, அதற்கு மேல் பெல்ட். மலர் அக்கா பின்னால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டுக்கு இடமில்லாமல் இருந்தார்.

"எனக்கு ஏதும் நடந்தால் பரவாயில்லையோ?" என்று மலர் அக்கா கேட்டார்.

"உமக்கு நுரைக்காது" என்றார் அண்ணை. அன்றிலிருந்து மலர் அக்கா பஸ்ஸில்தான் வருவார். பெரும்பாலும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தும்விடுவார்.

கார் குலுக்குகிறது என்று முன்னால் மரப்பெட்டி வைத்த மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினார். டெனிஷ்காரர் பிள்ளைகளை ஏற்றிப்போகிற சைக்கிள். ஒருநாள் ஏரிக்கரையில் பாட்டுக் கச்சேரி. அண்ணை பெட்டிக்குள் பீப்பாவைப் படுக்கவைத்து, போர்வையால் மூடி, நடையாகத் தள்ளிக்கொண்டு வர, நான் பக்கத்தில் வந்தேன். வயதான டெனிஷ் அம்மா ஒருவர் புன்னகையோடு பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை மாதம்?"

"மூன்று கிழமை" என்றார் அண்ணை பெருமையாக.

"மூன்று கிழமையா! இவ்வளவு சின்னதை வெளியில் கொண்டுவரலாமா?"

"பயமில்லை. அடியில் ஐஸ் போட்டிருக்கிறேன்."

அந்த அம்மாவின் முகம் வெளுத்ததை இன்றைக்கும் மறக்கமுடியாது. போர்வையை இழுத்துப் பார்த்துவிட்டு, சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி சிரித்த சிரிப்பையும் மறக்கமுடியாது. அன்றைய முதலாவது கிளாஸ் அவருக்குத்தான். இரண்டாவதும் அவருக்குத்தான்.

இப்படி இருக்கையில் அண்ணையின் மகள் அபிராவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை டெனிஷ் பொடியன். தாலி கட்டு மண்டபத்தில் முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஏரிக்கரைக் காட்டில் விருந்து. அண்ணை பியர் என்று வாயைத் திறக்குமுன்னரே அபிரா, "நை, ஃபார்!" என்றாள். வேண்டாம் அப்பா என்று அர்த்தம். விபோர்க் கதை அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பென்ட், பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். சொல் செலவாகிவிடும் என்று வாயை மூடி வைத்திருக்கும் மனிதர். சம்பந்திகள் சந்திக்கும்போதெல்லாம் மழையைப் பற்றி ஒரு வசனம் கதைப்பார்கள். பிறகு இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"காட்டில் ஜன்னலும் இல்லை. என்ன செய்யப் போகிறார்கள்?" என்று என்னிடம் டெனிஷில் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

கடைசியில் மலர் அக்கா இடைபுக, ஒரேயொரு பீப்பாவுக்கு அனுமதி கிடைத்தது. வெடிக்கக்கூடாது என்பது நிபந்தனை.

வாகனம் நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்கரைக்கு ஒரு காட்டுப்பாதை. சைக்கிளை அண்ணை தள்ள, நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். மரவேர் ஒன்றில் ஏறி இறங்கியபோது முன் அச்சு முறிந்தது. பெட்டி சரிந்தது. அண்ணை பாய்ந்து பீப்பாவைக் கட்டிப்பிடித்தார். அடுத்த கணம் பட்டுவேட்டியோடு அவர் மல்லாக்கக் கிடந்தார். பீப்பா நெஞ்சின்மேல் கிடந்தது.

"அண்ணை! அடி பட்டுதோ?"

"ஆடேல்லை தம்பி! ஆடேல்லை!"

கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. மிச்சத் தூரத்துக்கு உருட்டிக்கொண்டு போவமா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"உருட்டுறதோ? உங்கட பிள்ளையை உருட்டுவீங்களோ?"

சத்தம் கேட்டு பென்ட் வந்தார். கிடந்த சம்பந்தியைப் பார்த்தார். பீப்பாவைப் பார்த்தார். திரும்பிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். ஆனால் ஒரு மேசைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பீப்பாவை அதன்மேல் நிறுத்தி, தன் கோட்டைக் கழற்றிச் சுற்றிக் கட்டினார். முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். அண்ணை நொண்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார். கோயிலில் சாமி தூக்கிய தோள் என்னுடையது. அங்கேகூட இவ்வளவு ஏச்சு வாங்கியதில்லை.

"வேர் வருது, ஆட்டாதேங்கோ! பள்ளம், ஆட்டாதேங்கோ!"

ஓரிடத்தில் என் கால் இடறியது. பென்ட் திரும்பி என்னைப் பார்த்து இடிமாதிரிக் கத்தினார்: "ஆத்தாதெங்கோ!"

அண்ணை நின்றுவிட்டார். அவருக்குச் சிரிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

ஏரிக்கரையில் பீப்பாவை ஐஸ் நிரப்பிய தொட்டிக்குள் இறக்கினோம். விருந்தாளிகள் கிளாஸோடு சூழ்ந்தார்கள். அண்ணை கையை விரித்து மறித்தார். "இவ்வளவு தூரம் வந்த களை. இது கொஞ்சம் நித்திரை கொள்ளவேணும். ஒருத்தரும் தொடப்பிடாது." அதையே டெனிஷிலும் அறிவித்தார். பென்ட் இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து தொட்டிக்கு இரு பக்கமும் போட்டார். சம்பந்திகள் காவலுக்கு அமர்ந்தார்கள். நான் அண்ணையின் கணுக்காலுக்கு ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அபிரா தூரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள்.

மழையைப் பற்றிய வசனம் முடிந்தது. பார்க்க ஜன்னல் இல்லை. பென்ட் பீப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்கள்தான் குடிப்பதில்லையே. பிறகு எதற்குக் காய்ச்சுகிறீர்கள்?"

எத்தனை வருடப் பழக்கம்! நான் கேட்காத கேள்வி அது. ஓசிப் பியர் குடிப்பவன் ஏன் கேட்கப்போகிறான்?

அண்ணை தன் உடைந்த டெனிஷில் சாதாரணமாகத்தான் சொன்னார். "நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வெய்யில் எறித்தால் எல்லோரும் பூங்காவில் கூட்டமாக இருப்பார்கள். நான் பக்கத்து மரவாங்கில் தனியே இருப்பேன். ஒருவரும் என்னை மோசமாக நடத்தவில்லை. கூப்பிடவுமில்லை, அவ்வளவுதான். பீப்பாவோடு போனால் தனியே இருக்க விடமாட்டார்கள்."

பென்ட் தலையை ஆட்டினார். தொட்டிக்குள் விழுந்த இலையொன்றை எடுத்து வெளியே போட்டார். பிறகு சொன்னார்: "எங்கள் பண்ணைக்கும் அவ்வளவாக ஒருவரும் வருவதில்லை. அடுத்த பீப்பாவை அங்கே கொண்டுவாருங்கள். எங்கள் பாதையில் பள்ளம் இல்லை."

எனக்குத் தெரிந்து அந்த மனிதர் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

பீப்பாவைத் திறந்தபோது முதல் கிளாஸ் முழுக்க நுரைதான். அண்ணையின் முகம் கறுத்தது. இரண்டாவது கிளாஸில் பாதி நுரை. மூன்றாவதில் தேன்நிறத்தில் தெளிந்து வந்தது. அபிரா வந்து அந்தக் கிளாஸை வாங்கினாள். அப்பாவின் பியரை அவள் குடித்தது அதுவே முதல் தடவை. ஒரு மிடறு விழுங்கிவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தமிழில், "நல்லா இருக்கு அப்பா" என்றாள். அண்ணை கண்ணைத் துடைத்துவிட்டு, ஐஸ் தண்ணி தெறித்துவிட்டது என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் அவருக்குப் பக்கத்துக் கதிரைகள் காலியாகவே இல்லை. ஒருவர் எழும்பினால் இன்னொருவர் இருந்தார். பீப்பா எப்போதோ வற்றிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், என் கதிரையை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.