சிறந்த இயக்குநர் விருதும் ஒரு சிட்டிகை திருநீறும்

எனக்கு எண்பத்துநாலு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தரிட்டையும் ஒன்றுக்கும் போய் நிற்கவில்லை. என்ரை படிப்பு மூன்றாம் வகுப்போடை நின்றுபோனது, பெருமை மட்டும் நிற்கவில்லை. அந்தப் பெருமையாலை நாலாவது மகன் ரமணனுக்கு நான் செய்த வேலையைத்தான் எழுதப்போறன். மெல்ல மெல்லத்தான் எழுதுவேன். அவசரக்காரர் வேறை ஏதாவது வாசியுங்கோ.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரைவிட்டு அகதியாக வந்த குளிர்தேசத்தில், மல்வேர்ன் என்ற இடத்தில், ரவுன்ஹவுஸ் என்கிற தொடர்வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மற்றப் பிள்ளைகள் வேலைக்குப் போக, இவன் படம் எடுத்தான். கொம்பனி இல்லை, முதலாளி இல்லை, கமரா இரவல். நடித்ததெல்லாம் சிநேகிதர்கள். வேலை லீவு கிடைக்கிற நாளில் வந்து நடித்தார்கள். ஒரு படம் முடிய இரண்டு வின்ரர் போனது. (படம் ஒரு மணித்தியாலம்தான். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. "உதுக்கோ இரண்டு வருசம்?" என்று இவர் கேட்டார். இவர் என்றால் என்ரை மனுசன்.)

ஆனால் பிள்ளை கெட்டிக்காரன். அதை நான் தாய் என்றபடியால் சொல்லவில்லை. அந்தப் படத்தில் ஒரு மனுசி, அப்பாட்மென்ரில் உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்று ஊர்க்கடிதம் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். பின்னாலே மெஷின் சுற்றும். அவள் அழமாட்டாள். வீட்டில் முதன்முதல் போட்டுக் காட்டியபோது இவர் எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர் குடிக்கவாம். போனவர் திரும்பி வரக் கனநேரம் எடுத்தது.

இப்படிச் சொந்தமாகப் படம் எடுக்கிற ஆட்களில் ஆர் திறமாக இயக்கினது என்று பார்த்து, டவுன்டவுனில் ஒரு விருது குடுப்பார்கள். கடைசி ஐந்து பேரில் ரமணனும் ஒருத்தன் என்று கடிதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் ஐந்து படத்திலும் பத்துப் பத்து நிமிடம் போடுவார்களாம். நடுவர்கள் அதிலேயே பார்த்து, அதிலேயே முடிவு சொல்லுவார்களாம். வென்றவருக்கு அடுத்த படம் எடுக்க நல்ல கமராவும் ஆட்களும் குடுப்பார்களாம்.

அன்றைக்கே இவர் அவனைக் கூப்பிட்டு இருத்தினார். "சரி தம்பி. உது கிடைச்சால் நீ படமே எடு, நான் வாய் திறக்கமாட்டன். கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டி கமராவைத் தொடமாட்டன் அப்பா. நீங்கள் சொல்லுற வேலைக்குப் போறன்."

தகப்பனும் மகனும் சொன்னால் சொன்னதுதான். புதுக் கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கிறோம், புது வீடு என்றால் பால் காய்ச்சுகிறோம். இரண்டு வருசம் பாடுபட்ட படத்தை வெறுமனே அனுப்புகிறதோ?

சனிக்கிழமை காலை அவன் குளிக்கப் போன நேரம் அவன்ரை தோள் பாக்கிலிருந்து, மறுநாள் போடவேண்டிய படத்தின் வீடியோக் கசெற்றை எடுத்து, அர்ச்சனைத் தட்டோடை பஸ் ஏறினேன். ஃபக்ரறிகளுக்கு நடுவிலே ஒரு கட்டிடம், அதுதான் அப்போது எங்கடை கோயில். ஐயர் கசெற்றைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து அர்ச்சனை செய்து, பெட்டிக்கு மேலே குன்றிமணி அளவு சந்தனப் பொட்டும் ஒரு பூவும் வைத்துத் தந்தார். அதோடை நான் நேரே வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பஸ் வரச் சுணங்கியது. பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரமணன் கண்டால் துடைத்துப்போடுவான். சோதினைக்கு நான் பூசி விடுகிற திருநீற்றையே சந்திக்குப் போகமுதல் கையாலே தேய்த்துவிடுகிற பிள்ளை. அவன் துடைக்க ஏலாத இடத்தில் வைக்கவேணும். கசெற்றின் ஒரு பக்கத்தில் சின்ன மூடி இருக்கு, கரையிலே உள்ள குமிழை அமத்தினால் திறக்கும். உள்ளே கறுப்பு நாடா, புது றிபன் மாதிரி மினுங்கும். அதிலே, தட்டில் இருந்த திருநீற்றைத் தொட்டு மூன்று விரலாலே மூன்று குறி இழுத்தேன். நடுவிலே ஈரச் சந்தனம், அதற்கு மேலே குங்குமம். கீழே இரண்டு வட்ட ஓட்டை இருந்தது. அதுகளையும் ஏன் விடுவான் என்று ஒவ்வொரு சிட்டிகை திருநீறு. (செய்கிறதைத் திறம்படச் செய்யவேணும்.) பெட்டியின் வெளிப்பொட்டை நானே துடைத்தேன். அப்போது என்ரை கெட்டித்தனத்தை நினைத்துச் சிரிப்பும் வந்தது. வீட்டுக்கு வந்து அவனுக்குத் தெரியாமல் கசெற்றைப் பாக்கிலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிறு நான் காஞ்சிபுரச் சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனேன். இவர் எங்கடை அகதி வழக்குக்குப் போட்ட கோட்டைப் போட்டார். முதல் இரண்டு படம் ஓடியது. ஒன்றிலே ஒரு வெள்ளைக்காரப் பெட்டை பத்து நிமிடமும் யன்னலைப் பார்த்தாள். அதுக்கும் கை தட்டினார்கள். உதுக்கே தட்டினால் என்ரை பிள்ளைக்கு எழும்பி நின்று தட்டுவார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது ரமணனுடையது. உடுப்பு அறை வந்தது. மனுசி கடிதத்தை விரித்தாள். மண்டபம் அசையவில்லை. இவர் என்ரை கையைப் பிடித்தார். முப்பது வருசத்தில் ஆட்களுக்கு முன்னாலே பிடித்தது அதுதான் முதல்.

அரை நிமிடம் போயிருக்கும். அவளுடைய முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியது. ஒன்றில்லை, மூன்று. பிறகு திரை முழுக்கப் பனி கொட்டினது போல. பிறகு ஆட்டைக் கழுத்திலே பிடித்தால் வருகிற சத்தம். பிறகு நீலம்.

படம் போடுகிற மெஷின்காரன் கசெற்றின் மூடியைத் திறந்து, இடியப்பம் பிழிந்தது போல நாடாவை இழுத்தான். ஊதினான். வெள்ளைத் தூள் எழும்பி அவனுடைய தாடியிலே படிந்தது. விரலை மணந்து பார்த்தான். பக்கத்திலே நின்றவனுக்கும் மணக்கக் குடுத்தான். மண்டபம் முழுக்கச் சந்தன வாசம்.

ரமணன் நேரே எங்கடை வரிசைக்கு வந்தான்.

"அம்மா, கசெற்றை எடுத்தனீங்களோ?"

"கோயிலுக்குத்தான் ராசா..."

"உள்ளுக்கை ஆர் பூசினது?"

ஐந்து பிள்ளை வளர்த்தவள், பொய் சொன்னால் வாயிலே அடித்து வளர்த்தவள், கண்ணை மூடித் திறக்கமுதல் சொன்னேன்:

"ஐயர்."

வேறை கொப்பி இருக்கோ என்று நடுவர்கள் கேட்டார்களாம். இருந்தது, விட்பி என்கிற தூர ஊரிலே ஒரு சிநேகிதன் வீட்டிலே. போய்வர அரைநாள். விருது அந்த யன்னல் படத்துக்குப் போனது. அந்தப் படத்தை எடுத்த பிள்ளை இறங்கி வந்து ரமணனின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். "என்னவாம்?" என்று இவரிட்டைக் கேட்டேன்.

"இண்டைக்குக் காட்டினதுகளிலை இவன்ரை அரை நிமிசம்தானாம் திறம்."

அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ரமணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்த மாதம் இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தவன், இன்றைக்கும் அங்கேதான். கமராவைத் தொடவேயில்லை. தன்ரை பிள்ளை அபியின் முதலாம் பிறந்தநாளுக்கும் வேறை ஆளைப் பிடித்துத்தான் படம் எடுத்தான். அந்த ஆள் கேக்கை எடுத்தான், பலூனை எடுத்தான், பிள்ளை சிரித்ததை விட்டுவிட்டான். ரமணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஐயர் நிற்கிற கோயிலுக்கும் அவன் போகிறதில்லை. ஒருநாள் நான் தனியே போய் ஐயரிட்டை எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அவர் தீபத்தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "பழி என்ரை பேரிலையே இருக்கட்டும் அம்மா. அவர் என்னோடை கதைக்காட்டிக் காரியமில்லை. தாயோடை கதைக்காமல் விடக்கூடாது."

நான் என்ன செய்தேன்? "நன்றி ஐயா" என்று சொல்லிப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து எங்கடை வீட்டில் ஆர் எந்தப் புதுச் சாமான் வாங்கினாலும், ஃபோனோ மைக்ரோவேவோ, ஒராள் கட்டாயம் சொல்லும்: "ஐயரிட்டைக் காட்டிப்போடாதேங்கோ, நாடாவை உருவிப்போடுவார்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ரமணனும் சிரிப்பான், மற்றவர்கள் சிரித்து முடிகிற நேரத்திலே. நானும் சிரிப்பேன். என்ரை சிரிப்புத்தான் ஆகப் பெரிய சத்தம்.

போன மாதம் ஐயர் செத்துப்போனார். ரமணன்தான் என்னைக் காரிலே கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது, "நல்ல மனுசன் அம்மா. என்ரை படத்திலை மட்டும் கை வைச்சிருக்கக்கூடாது" என்றான். அஜக்ஸிலே இருக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்தும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அதுதான் பேனையை எடுத்தேன். எழுதத் தொடங்கி ஐந்து நாள் ஆச்சு.

அபி, இஞ்சை வா பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போறனீதானே, இதை முதலிலிருந்து ஒருக்கா வாசி, பிழை பார்ப்பம். வாய்க்குள்ளை வாசிக்காதை. அந்தக் கதவைத் திறந்துவிடு, உன்ரை அப்பா குசினியிலை நிற்கிறார். பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடம் வந்தால் சத்தமாய் வாசி. நான் அழுதாலும் நிப்பாட்டாதை.