முப்பது வயது கூடிய கார்னீலியஸ்

"எங்க கொள்ளுத்தாத்தா பத்தே வருஷத்துல முப்பது வயசு கூடின மனுஷன்" என்று மலாக்கி டூஹி அறிவித்தபோது, அயர்லாந்தின் மேயோவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தின.

அவர் மனைவி அட்ராக்டா நிறுத்தவில்லை. ரொட்டியை மென்றபடியே, "எவன் சொன்னான்?" என்றாள்.

"அரசாங்கம் சொல்லுது. 1901 கணக்கெடுப்புல கார்னீலியஸ் டூஹிக்கு நாப்பத்தி நாலு. 1911-ல எழுபத்தி நாலு. அதே வீடு, அதே பொண்டாட்டி."

"பொண்டாட்டி அதேதான். புருஷன் அதேதானா?"

டூஹி குடும்பக் கல்லறைக் கல்லில் மலாக்கி, அட்ராக்டா இருவர் பெயரையும் முன்கூட்டியே பொறிக்கச் சனிக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு.

"முதல் ஆளை முடிச்சிட்டு, அதே பேர்ல ஒரு கிழவனைக் கொண்டு வந்து வெச்சிருக்கா உன் கொள்ளுப்பாட்டி. கொலைகாரக் குடும்பத்தோட நான் படுக்கமாட்டேன். என்னை எங்க பொறந்த வீட்டுக் கில்டே ஆளுங்க பக்கத்துல புதைச்சிடு."

மலாக்கி தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு ஓடினார். ஊரிலேயே ஒரே ஒரு கார்னீலியஸ் டூஹிதான். பிறப்பு 1857.

"அப்ப ரெண்டாவது ஆள் எங்கேர்ந்து முளைச்சான்?"

அடக்கப் பதிவேட்டுக்கு ஓடினார். 1926-ல், எண்பத்தொன்பது வயதில், ஒரே ஒரு கார்னீலியஸ்.

"அப்ப முதல் ஆளை எங்கே போட்டாங்க?"

அட்ராக்டா ஜன்னல் வழியாகப் பின்பக்கத்துச் சதுப்பைப் பார்த்தாள். மலாக்கியும் பார்த்தார். நாற்பது வருடமாக அங்கே வெட்டிக் காயவைத்த கரிமண்கட்டிகளைத்தான் அடுப்பில் எரிக்கிறார்கள். அன்று அடுப்பு மூட்ட அவருக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். கதையைக் கேட்ட நூலகப் பெண் ஃபினூலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"1909-ல எழுபது வயசானவங்களுக்குப் பென்ஷன் வந்துச்சு. பாதிப் பேர்கிட்ட பிறந்த அத்தாட்சி கிடையாது. '1839-ல அடிச்ச பெருங்காத்து ஞாபகம் இருக்கா'ன்னு அதிகாரி கேப்பார். இருந்தா பென்ஷன். இந்தச் சுத்துவட்டாரத்துக்கே நல்லா ஞாபகம் இருந்திருக்கு. அப்புறம் கணக்கெடுப்புலயும் அதே வயசைத்தானே சொல்லணும்?"

"டூஹிங்க சொல்லுவாங்க" என்றாள் அட்ராக்டா. "எங்க ஆளுங்களுக்குப் பொய்யே வராது."

ஃபினூலா அதே 1911 கணக்கெடுப்பில் அடுத்த வீட்டுப் பக்கத்தைத் திறந்து படித்தாள். "சபைனா கில்டே, வயசு எழுபத்தஞ்சு. அவ பெத்த மகன் ஓவன், வயசு மூணு."

ஓவன், அட்ராக்டாவின் சொந்தத் தாத்தா. அவள் கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டிக்கொண்டு தானே ஒருமுறை படித்தாள்.

"கல்லுல என் பேரையும் வெட்டச் சொல்லிடு, மலாக்கி" என்றாள். "நீ சொன்னது நடந்ததுதான். எங்க வீட்டுல எழுபத்திரண்டு வயசுல புள்ளையே பெத்திருக்கா."